மூவாயிரம் ஸ்கிரீன்ஷாட்டும் ஓர் ஆர்டர் நம்பரும்

சென்ற ஆவணியில் தஞ்சாவூருக்கு அனுப்பிய பட்டர் ஃப்ரூட் பெட்டி ஒன்று ஒன்பதாம் நாள் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. அட்டையின் அடிப்பக்கம் ஊறிப் பிய்ந்திருந்தது. உள்ளே பன்னிரண்டு பழம். ஒன்றைத் தொட்டேன், விரல் கொட்டை வரை போனது. கூரியர்காரர் மேல் தப்பில்லை, வாங்கியவர் மேலும் இல்லை. வீடு மாறிய விஷயத்தை அந்த அம்மா முந்தின மாதமே வாய்ஸ் நோட்டில் சொல்லியிருந்தார். நானும் கேட்டு, ஆர்டர் எழுதி வைக்கும் கூகுள் ஷீட்டில் புது முகவரியை ஏற்றிவிட்டேன். பெட்டி கட்டும் மதினியின் போனில் இருந்ததோ, அதற்கு முந்தைய தடவை நான் அனுப்பிய பழைய முகவரியின் ஸ்கிரீன்ஷாட்.

"நீங்க அனுப்புன படத்தப் பாத்துத்தான தம்பி எழுதுனேன்?"

"அதுக்கப்புறம் மாத்திட்டேன் மதினி. ஷீட்ல இருக்கே."

"மாத்துனது எனக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு முகவரி எங்களிடம் ஆறு இடத்தில் இருந்தது. வாட்ஸாப் உரையாடலில், என் கேலரியில், மதினியின் கேலரியில், ஷீட்டில், போன் கான்டாக்டில், மதினியின் நீள நோட்டில். ஆறில் ஒன்றுதான் புதுசு. அதுவரை 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் கத்துவதைத்தான் டிஜிட்டல் குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன் நிறைந்ததால் எங்களுக்கு ஒரு பைசா நட்டமாகவில்லை. ஒரே விஷயம் ஆறு இடத்தில் கிடந்து, அதில் எது சரி என்று சொல்ல ஆளில்லாமல் போனதில்தான் ஒரு பெட்டிப் பழம் அழுகியது.

எங்கள் வியாபாரம் சின்னது. கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் வீட்டின் முன்னறைதான் கடை, கிடங்கு, ஆபீஸ் எல்லாம். பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு (2019 இல் புவிசார் குறியீடு வாங்கியது இதுதான்), தாண்டிக்குடிக் காப்பி, மிளகு, பருவத்துக்குப் பட்டர் ஃப்ரூட். வாரத்துக்கு முப்பது, நாற்பது பார்சல். ஆள் இரண்டு, போன் இரண்டு, ஒரு பழைய லேப்டாப். இந்த அளவு வியாபாரத்துக்கு எது சரிப்படும் என்று அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து ஐந்து வழிகளைப் பார்த்தோம். பெரிய கம்பெனிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எடை போட மூன்று கேள்வி வைத்துக்கொண்டேன். ஒருவர் போனில் கூப்பிட்டு "போன தடவை அனுப்பினீங்களே, அதே பூண்டு வேணும்" என்றால், அவரை லைனில் வைத்துக்கொண்டே எது என்று சொல்ல முடியுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்டும் போய், கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிட்ட நாளில் பெட்டி கட்ட முடியுமா? மதினி என்னைக் கேட்காமல் வேலையை முடிக்க முடியுமா? மூன்றாவதுதான் முக்கியம் என்று எனக்குப் புரியவே நாலைந்து மாதம் ஆயிற்று.

முதல் வழி, எதையும் அடுக்காமல் கிடக்கிறபடி விட்டு, வேண்டும்போது தேடிக்கொள்வது. சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், ஆனால் இதற்கு ஆய்வுத் துணையே உண்டு. 2011 இல் ஸ்டீவ் விட்டேக்கரும் ஐபிஎம் ஆய்வாளர்களும் 345 பேர் தங்கள் பழைய மின்னஞ்சல்களை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். வகைவகையாக ஃபோல்டர் கட்டி அடுக்கியவர்கள், அடுக்காமல் தேடலை நம்பியவர்களைவிட வேகமாக எடுத்துவிடவில்லை. அடுக்கிய நேரம்தான் வீண் செலவு. என் அனுபவமும் அதேதான், மின்னஞ்சலைப் பொறுத்தவரை. கூரியர் ரசீதும் பேமென்ட் அறிவிப்பும் எப்போதும் ஒரே வார்த்தையில், ஒரே எழுத்தில் வரும். ஜிமெயிலில் நான் கட்டியிருந்த பதினெட்டு லேபிள்களையும் கலைத்துவிட்டேன். ஒரு மெயிலும் தொலையவில்லை.

வாட்ஸாப் வேறு கதை. அங்கே எழுதுவது இயந்திரம் இல்லை, நம் ஜனங்கள். பூண்டு என்ற ஒரே சொல்லைத் தமிழில் எழுதுகிறவர் ஒருவர், ஆங்கில எழுத்தில் ஓ இரண்டு போட்டு எழுதுகிறவர் ஒருவர், யூ ஒன்று போட்டு எழுதுகிறவர் இன்னொருவர், கார்லிக் என்கிறவர் வேறு. நாலையும் தேடினாலும் வாய்ஸ் நோட்டில் சொன்னது சிக்காது. "போன தடவை மாதிரியே" என்று மட்டும் எழுதுகிறவரை எந்தச் சொல்லால் தேடுவது? கார்த்திக் என்ற பெயரில் எனக்கு ஏழு வாடிக்கையாளர் இருக்கிறார்கள். வாட்ஸாப் பிசினஸில் லேபிள் உண்டு, இருபது வரை வைத்துக்கொள்ளலாம். 'பணம் வந்தது', 'கட்டியாச்சு', 'அனுப்பியாச்சு' என்று மூன்று போட்டோம். மூன்று லேபிள் நன்றாக வேலை செய்கிறது. ஆசைப்பட்டுப் பதினொன்றாக்கினேன், ஒரே வாரத்தில் எதை எதில் போட்டோம் என்று இருவருக்கும் தெரியவில்லை, மறுபடி மூன்று. ஆக, மெஷின் எழுதியதைத் தேடிக்கொள்ளலாம். மனிதர் எழுதியதையும் பேசியதையும் அன்றன்றே ஓர் இடத்தில் எடுத்து எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி, காசு கொடுத்து இடம் வாங்குவது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 வரை குறைந்த தரத்தில் ஏற்றும் படங்கள் கணக்கில் வராமல் இருந்தன, அதன் பிறகு வருகின்றன. 2024 இலிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸாப் பேக்கப்பும் இதே 15 ஜிபிக்குள் ஏறிவிட்டது. நிறைந்துபோனால் படம் ஏறாது என்பது சின்ன விஷயம்; மெயிலே வராமல் நின்றுவிடும், வியாபாரத்துக்கு அதுதான் ஆபத்து. நான் பார்த்தபோது 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், வருடமாகக் கட்டினால் 1,300. மலிவுதான். வாங்கத் தயாராகிவிட்டேன். அப்புறம் தோன்றியது: வீட்டில் பரணைப் பெரிதாகக் கட்டினால் சாமான் குறைந்துவிடுமா என்ன? தஞ்சாவூர் அம்மாவின் பழைய முகவரி அப்போதும் அப்படியே இருந்திருக்கும், இன்னும் வசதியாக.

அதனால் வாங்குவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஜிமெயில் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'லார்ஜர்:10எம்' என்று கொடுத்தால் 10 எம்பிக்கு மேலான மெயில்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு வந்தது பெரும்பாலும் காப்பிப் பாக்கெட்டின் லேபிள் டிசைன்கள். 'லேபிள் கடைசி', 'லேபிள் கடைசி புதுசு', 'லேபிள் மதினி சொன்னது' என்று முப்பத்தொரு பதிப்பு. சரியானது எது தெரியுமா? மதினி சொன்னது. நானாக ஒருமுறை 'கடைசி'யை அச்சுக்கு அனுப்பி, அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இல்லாமல் போய், ஐந்நூறு ஸ்டிக்கர் வீணானது. இப்போது டிசைன் ஃபோல்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கோப்பு. மாற்றியதும் பழையது ஹார்ட் டிஸ்கில் உள்ள 'பழசு'க்குப் போய்விடும்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட். மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, வாடிக்கையாளர்கள் பணம் போட்டதும் அனுப்பும் யூபிஐ படங்கள். இதை நான் ஆதாரம் என்று நினைத்து வருடக்கணக்கில் காத்து வந்தேன். யோசித்தால், படம் ஆதாரமே இல்லை. போலியாக ஒன்று செய்து அனுப்புவது யாருக்கும் கஷ்டமில்லை. பணம் வந்ததா என்பதை நம் வங்கிக் கணக்குதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. வங்கிக் கணக்கில் பார்த்து அந்த எண்ணை ஆர்டருக்கு நேரே எழுதிவிட்டால் படத்துக்கு வேலை முடிந்தது. அன்றைக்கே அழித்துவிடலாம். மிச்சத்தில் கொஞ்சம் கீழேயிருந்து வந்த சொந்தக்காரர்கள் அனுப்பிய ஈ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வர ஈ-பாஸ் வேண்டும் என்றானதில், என் போன் செக்போஸ்ட் மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா குடும்பம் வந்து போய் ஒரு வருடம் ஆன பிறகும் அவர்களுடைய க்யூஆர் கோடு என்னிடம் பத்திரமாக இருந்தது.

இதையெல்லாம் தள்ளி, வாட்ஸாப் பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று அணைத்ததும் 14.6 ஜிபி ஆறேகாலுக்கு இறங்கியது. 1,300 ரூபாய் தேவைப்படவில்லை. ஆனால் தினமும் ரீல்ஸ் எடுத்துப் போடுகிறவராக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அங்கே சிக்கனம் பிடித்தால் நேரம்தான் போகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் போனில் மட்டும் போகாது, மேலே ஏறிய நகலும் சேர்ந்து போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு இல்லை. போனில் மட்டும் இடம் காலியாக்க அதற்கென்று தனி வசதி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 'மேலே இருக்குல்ல' என்ற தைரியத்தில் கேலரியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு, ஏற்றும் வேகம். இறக்கும் வேகத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். மூடுபனி நாளில் எனக்கு நொடிக்கு 2 மெகாபிட் ஏறினால் பெரிய விஷயம். அந்த வேகத்தில் 100 எம்பி ஏற 400 நொடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். ஃபுல் ஹெச்டியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவே போனைப் பொறுத்து அந்த அளவுக்கு வந்துவிடும். பத்து வீடியோ ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் கரண்ட் போனால் மோடம் அணைந்து அங்கேயே நிற்கும்.

அதனால் மூன்றாவது வழியான ஹார்ட் டிஸ்கை ஒதுக்க முடியவில்லை. ஒருமுறை செலவு, நெட் வேண்டாம், பெரிய கோப்பு சீக்கிரம் போகும். குறை என்னவென்றால், கீழே விழுந்தால் கதை முடிந்தது. சுழலும் வகை என்றால் அதிலும் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் பிழைப்பது அரிது. உள்ளே எதுவும் சுழலாத எஸ்எஸ்டி வகை விழுவதைத் தாங்கும், ஆனால் அதை வருடக்கணக்கில் மின்சாரமே கொடுக்காமல் பெட்டியில் போட்டு வைப்பது நல்லதில்லை. இங்கே ஈரம் வேறு. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் கிடந்த டிஸ்கை அடுப்பெரியும் வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்த உடனே செருகுவதில்லை. அரை மணி, ஒரு மணி விட்டு, உள்ளே வேர்த்திருந்தால் காயட்டும் என்று காத்திருக்கிறேன். பீட்டர் கிராக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். எங்கள் அளவுக்கு எல்லாவற்றுக்கும் அது வேண்டாம். பில்லுக்கும் ஆர்டர் ஷீட்டுக்கும் மட்டும் செய்கிறோம். ஒரு பென் டிரைவ் வத்தலக்குண்டில் அண்ணன் கடையில் இருக்கிறது.

பில்லை அழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கூடாது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கெடு 2025 டிசம்பர் 31 என்றால் 2031 டிசம்பர் 31 வரை.

நான்காவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நோஷன், ட்ரெல்லோ, ஜோஹோ மாதிரி ஆப்களில் ஆர்டர், சரக்கு, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது. பார்க்கப் பிரமாதம். மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்து ஒன்றைக் கட்டினேன், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறம், பூண்டுக்கு வெள்ளை. மதினி இரண்டு நாள் திறந்தார், மூன்றாம் நாளிலிருந்து நோட்டைத்தான் எடுத்தார். கேட்டால், "கையில பூண்டுத் தோல், போன் கைரேகையே எடுக்க மாட்டேங்குது தம்பி" என்றார். நாளைக்கு நூறு பார்சலும் ஐந்து ஆளும் இருந்தால் இதுதான் சரியான வழி, சந்தேகமே இல்லை. எங்களுக்கு அது வேலையை ஒழுங்கு செய்யவில்லை. ஒழுங்கு செய்வதையே ஒரு வேலையாக்கிவிட்டது. ஏழாவது இடமாக இன்னொரு முகவரிப் பட்டியலும் சேர்ந்தது.

கடைசியில் நின்றது ஐந்தாவது: ஒரு ஷீட், ஒரு நீள நோட்டு, இரண்டையும் கட்டிப்போடும் ஆர்டர் நம்பர். கேட்கும்போது பழைய காலத்து மளிகைக் கடை மாதிரி இருக்கும், அதே தான். ஆர்டர் உறுதியானதும் ஷீட்டில் ஒரு வரி, அதற்கு ஒரு நம்பர். அந்த நம்பரை வாட்ஸாப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்புகிறேன். மதினி காலையில் ஷீட்டைப் பார்த்து அன்றைய ஆர்டர்களை நோட்டில் எழுதிக்கொள்கிறார், பெட்டியின் மேல் மார்க்கரால் அதே நம்பரைப் போடுகிறார். கட்டிய பெட்டியைப் படம் எடுத்தால் நம்பர் படத்திலேயே தெரிகிறது. கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்த்திக் ஏழு பேரும் இப்போது குழம்புவதில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். முகவரி மாறினால் ஷீட்டில் மட்டும் மாறும், அன்றைய ஆர்டருக்கு நோட்டில் எழுதிக்கொள்வதைத் தவிர மற்ற எந்த இடத்திலும் முகவரி இருக்கக் கூடாது. கான்டாக்டில் இருந்ததையும் அழித்தோம்.

நெட் இல்லாத நாளுக்கு, ஷீட்டை ஆஃப்லைனில் திறக்கும்படி இரண்டு போனிலும் வைத்திருக்கிறோம். லைன் வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும். இருவரும் லைன் இல்லாதபோது ஒரே வரியைத் திருத்தினால் குழப்பம் வரும் என்பதால் அன்றைக்கு எழுதுவது நோட்டில் மட்டும். சென்ற கார்த்திகையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பதினேழு பெட்டி நோட்டைப் பார்த்தே கட்டியானது. மலைப்பாதையில் விழுந்த மரத்தை அறுத்து வழிவிட்டதும் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஒரு பெட்டியும் இடம் மாறிப் போகவில்லை.

குறையில்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் நோட்டில் எழுத மதினிக்கு இருபது நிமிடம் ஆகிறது. நோட்டில் எழுதும்போது ஒரு இலக்கம் மாறினால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பின்கோடை மட்டும் பெட்டியில் ஒட்டும் முன் ஷீட்டோடு ஒரு தடவை சரிபார்க்கிறார். போன தடவை வாங்கிய பூண்டு எது என்ற கேள்விக்கு இப்போது போன் நம்பரைப் போட்டுத் தேடினால் வரி வந்து நிற்கிறது. ஜிமெயிலும் வாட்ஸாப்பும் எப்படி நிரம்பினாலும் ஞாயிறு மத்தியானம் அரை மணி நேரம் உட்கார்ந்து தள்ளுகிறேன். சில ஞாயிறு உட்காருவதில்லை.

2018 இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த அறுநூற்றுச் சொச்சம் படங்களை மட்டும் தொடவில்லை. ஒரே சரிவு, ஒரே நீலம், பாதி கலங்கல். ஹார்ட் டிஸ்கில் கிடக்கட்டும், அடுத்தது 2030 இல்தானே.

வாய்ஸ் நோட்டுக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. இப்போதைக்கு மதினி போனைக் காதில் வைத்துக் கேட்டு எழுதுகிறார். சிவகாசியில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாலு நிமிடம் பேசுவார். அங்கே வெயில், இங்கே மழையா, மருமகளுக்குக் கால்வலி, போன தடவை மிளகு கொஞ்சம் பொடிசு. ஆர்டர் கடைசிப் பத்து நொடியில்தான் வரும், அதனால் மதினி நேரே கடைசிக்குத் தள்ளிப் பார்த்தார். போன மாதம் அவர் ஆர்டரை நடுவில் சொல்லிவிட்டார்.